தங்கப் பரப்பும் உயிர்ப்பகுப்பாய்வும்: ஆய்வு மாணவர்களின் கேள்விகள்

தயால் (கந்தக-ஹைட்ரஜன் முனை கொண்ட சேர்மம்) பூசிய தங்க மின்முனை ஒவ்வொரு முறையும் வேறு முடிவு தருகிறது. பூச்சு நேரத்தைக் கூட்டலாமா?

முதலில் தங்கத்தைச் சந்தேகப்படுங்கள். 1, 0.3, 0.05 மைக்ரான் அலுமினாத் தூள்களால் இதே வரிசையில் மெருகேற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித் துணி. இடையிடையே தூய நீரில் சோனிகேட்டர் (மீயொலியால் அலசும் கருவி). பெரிய துகள் ஒன்று கடைசித் துணிக்கு வந்துவிட்டால் அதுவரை செய்த வேலை வீண். பிறகு 0.5 மோலார் கந்தக அமிலத்தில், அடுத்தடுத்த வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்வரை சைக்ளிக் வோல்ட்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறை) ஓட்டுங்கள். கடைசியாக, பொட்டாசியம் குளோரைடு சேர்த்த ஃபெர்ரிசயனைடு கரைசலில் அதே சோதனை. ஓர் எலெக்ட்ரான் மீள்வினைக்கு 25 டிகிரி செல்சியஸில் வளைவின் ஆக்சிஜனேற்ற, ஒடுக்க உச்சிகளின் இடைவெளி ஏறத்தாழ 59 மில்லிவோல்ட். நடைமுறையில் 80 வரை வந்தாலும் சரி. 100-ஐத் தாண்டினால் பூச்சுக்குப் போக வேண்டாம். ஆனால் பொட்டாசியம் குளோரைடு குறைவாக இருந்தாலும் கரைசலின் மின்தடையால் இடைவெளி விரியும். அதையும் பார்த்துவிட்டு மின்முனையைக் குறை சொல்லுங்கள்.

பூச்சுக்கு எத்தனாலில் 1 மில்லிமோலார் தயால், 12 முதல் 24 மணி நேரம் போதும். மூலக்கூறுகள் சில நிமிடங்களிலேயே ஒட்டிவிடும். சங்கிலிகள் நிமிர்ந்து நெருக்கமாக அடுக்கிக்கொள்ளத்தான் மணிக்கணக்காகிறது.

கார்பாக்சிலை அமீனோடு இணைக்க உதவும் இடிசி, என்எச்எஸ் இரண்டும் புதியவை. ஆனாலும் ஆன்டிபாடி ஒட்டவில்லையே?

எந்த பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்)? டிரிஸ் என்றால் காரணம் அதுவே. அதிலுள்ள அமீன், புரதத்தின் லைசீனுக்கு முன்பே வினைபுரிந்துவிடும். வாங்கிய ஆன்டிபாடிக் குப்பியில் கிளைசீனோ ஆல்புமினோ கலந்திருந்தாலும் இதே கதி. ஆல்புமினைச் சாதாரண உப்புநீக்கும் பத்தி பிரிக்காது. அது கலக்காத ஆன்டிபாடியாகவே வாங்குங்கள். கார்பாக்சில் பரப்பை எம்இஎஸ் பஃபரில், பிஎச் 5-6ல் 15 நிமிடம் கிளர்வூட்டி, அலசி, உடனே பிஎச் 7.4ல் ஆன்டிபாடியைச் சேர்த்துவிடுங்கள். பிஎச் கூடக்கூட, கிளர்வூட்டலில் உருவான எஸ்டர் நீராற்பகுப்பில் வேகமாக அழியும். இடையில் தேநீருக்குப் போகக்கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த இடிசி பாட்டில் அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறங்கள். குளிர்ந்த தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

தயால் இணைத்த டிஎன்ஏவின் டைசல்ஃபைடை (இரு கந்தகங்களின் பிணைப்பை) உடைக்க டிடிடி என்ற ஒடுக்கி போதுமா?

தயால் அல்லாத ஒடுக்கியான டிசிஇபி நல்லது. டிடிடியே ஒரு தயால். முழுக்க நீக்காவிட்டால் தங்கத்தில் அதுதான் முதலில் உட்காரும்.

பஃபரில் அருமையாக வேலை செய்யும் உணர்வி (சென்சார்), இரத்தச் சீரத்தில் திணறுகிறது.

சீரத்தில் ஆல்புமின் மட்டுமே மில்லிலிட்டருக்கு 35-50 மில்லிகிராம் உண்டு. அது கண்ட இடத்திலெல்லாம் படியும். வெற்று மாதிரியின் திட்டவிலக்கத்தை மூன்றால் பெருக்கி, அளவீட்டுக் கோட்டின் சரிவால் வகுக்கும் கண்டறி எல்லைக் (கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு) கணக்கைச் சீரத்திலேயே போடுங்கள். பஃபரில் போட்ட எல்லையை மதிப்பாய்வாளர் நம்பமாட்டார். நம்பவும் கூடாது.

மின்வேதி உணர்விகளில் முனைவர் பட்டம் முடிக்கிறேன். போஸ்ட்டாக்கும் இதிலேயே செய்யலாமா?

கேள்வி அதுவாக இருக்கலாம், கருவி மாறட்டும். மின்னோட்டம் எத்தனை எலெக்ட்ரான் கடந்தது என்றே சொல்லும். பரப்பில் எது இருக்கிறது என்று சொல்லாது. எக்ஸ்-கதிரால் பரப்பின் வேதிப் பிணைப்பைக் காட்டும் எக்ஸ்பிஎஸ்ஸில் தங்கத்தோடு பிணைந்த கந்தகம் 162 எலெக்ட்ரான்வோல்ட் அருகே வரும். பிணையாத தயால் 164-ஐ ஒட்டி. அந்த வேறுபாட்டைத் தானே படிக்கத் தெரிந்தவருக்கு ஆசிரியப் பணி நேர்காணலில் தனி எடை. அங்கே கேட்பார்கள்: இதில் உங்களுடையது எது, வழிகாட்டியுடையது எது? ஆய்வுத் திட்டத்தில் ஒரு பகுதியாவது வெறும் பொட்டென்ஷியோஸ்டாட்டோடு (மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) தொடங்கக்கூடியதாக இருக்கட்டும்; பெரிய கருவிக்கான நிதி வரத் தாமதமாகும்.