டாக்டரிடம் கேளுங்கள்: 34 டிகிரிக்கே ஏன் இப்படித் தளர்கிறது?

டாக்டர், வெப்பநிலை 34 டிகிரிதான் என்கிறார்கள். ஆனால் 40 டிகிரி நாளைவிட அன்றைக்குத்தான் உடம்பு அடித்துப்போட்டது மாதிரி இருக்கிறது. இது மனப்பிரமையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

பிரமை இல்லை அம்மா. வெப்பமானியைவிட உங்கள் தோல் சரியாகச் சொல்கிறது.

வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது. வியர்வை ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் மண்டிக் கிடந்தால் அது ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். உப்பும் தண்ணீரும் போகும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். இதை அளக்க வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றோட்டத்தில் வைப்பார்கள். ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 23 காட்டும். 34 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஏறக்குறைய 31! இந்த அளவு 35-ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கூட சில மணி நேரம்தான் தாங்குவார் என்று 2010-ல் கணக்கிட்டார்கள். 2022-ல் பென்சில்வேனியாவில் திடகாத்திரமான இளைஞர்களைச் சோதனை அறையில் வைத்துப் பார்த்தபோது, ஈரமான காற்றில் 31-ஐ ஒட்டியே அவர்களின் உடல்சூடு கட்டுக்குள் நிற்காமல் ஏறத் தொடங்கிவிட்டது. உங்கள் வயதில் அதற்கும் முன்பே.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பூமி சூடாகச் சூடாக, புழுக்கமும் சேர்ந்தே ஏறுகிறது.

அப்புறம் இன்னொன்று. கோடையில் என்னிடம் வருபவர்களிடம் பகல் வெயிலைப் பற்றி நான் அதிகம் கேட்பதில்லை. “ராத்திரி தூங்கினீர்களா?” என்றுதான் கேட்பேன். பகலில் அடிபட்ட இதயம் இளைப்பாறுவது இரவில்தான். உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் பகலைவிட இரவுகள் வேகமாகச் சூடாகிவருகின்றன. 2003-ல் ஐரோப்பாவில் வெப்ப அலை 70,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். குளிராத இரவுகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. சாப்பிட்டால், கோடை தொடங்கும்போதே உங்கள் மருத்துவரிடம் அளவைப் பற்றிப் பேசுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதுவும் ஆபத்து.

மழை வந்தால் காற்று சுத்தமாகும் என்கிறார்கள். எனக்கு இடிமழை வரும் நேரத்தில்தான் மூச்சு இழுக்கிறது. எனக்கு ஆஸ்துமா கிடையாது, அடுக்குத் தும்மல் மட்டும் உண்டு.
– கல்லூரி மாணவர்

தம்பி, அந்தத் தும்மலைத்தான் நான் கவனிக்கிறேன். 2016 நவம்பர் 21 மாலை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒரு இடிமழை வந்தது. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளில் குவிந்தார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். வந்தவர்களில் பலருக்கு அதுவரை ஆஸ்துமா இருந்ததே இல்லை; உங்களைப் போல மகரந்த ஒவ்வாமை மட்டும்தான்.

மகரந்தத் தூள் முழுசாக இருந்தால் மூக்கிலேயே தங்கிவிடும், தும்மலோடு போச்சு. ஈரம் குடித்தால் அது வெடித்துப் பொடிப்பொடியாகும். மழைக்கு முன்னால் வீசும் காற்று அந்தப் பொடியைத் தரையோடு வாரிக்கொண்டு வரும். அது நேராக நுரையீரலின் ஆழத்துக்குப் போய்விடும். இதில் பருவநிலை மாற்றத்துக்கு என்ன வேலை என்கிறீர்களா? வட அமெரிக்காவில் 1990 முதல் 2018 வரையிலான கணக்கைப் பார்த்தால், மகரந்தப் பருவம் சுமார் 20 நாள் முன்னதாகவே தொடங்குகிறது.

பூக்கும் பருவத்தில் இடி முழங்கினால் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருங்கள். மண்வாசனையை அப்புறம் ரசிக்கலாம். நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் ஊதிப் பார்க்கும் பரிசோதனையையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.

ஓசோன் நல்லதா, கெட்டதா?
– பத்தாம் வகுப்பு மாணவி

இருக்கும் இடத்தைப் பொறுத்தது. மேலே அடுக்கு மண்டலத்தில் இருந்தால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் காவல். அதைக் காக்கத்தான் 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து தரைமட்டத்தில் உண்டாக்கும் ஓசோன் நுரையீரலை அரிக்கும். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. பிற்பகலில்தான் உச்சம் என்பதால் ஓட்டப்பயிற்சியைக் காலையில் வைத்துக்கொள்.

விலங்குகளும் பறவைகளும் காலப்போக்கில் பழகிக்கொள்ளும்தானே? மனிதர்கள்தான் வீணாகப் பயப்படுகிறோமா?
– வங்கி ஊழியர்

சில பழகிக்கொள்ளும். பழகுவதற்கு அவகாசம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. பச்சை ஆமையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவுசெய்கிறது. ஏறக்குறைய 29 டிகிரியில் இரண்டும் சமமாகப் பிறக்கும். அதற்கு மேல் போனால் பெண்கள்தான். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியைச் சேர்ந்த இளம் ஆமைகளில் சுமார் 99 சதவீதம் பெண் என்று 2018-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஒரு பச்சை ஆமை முட்டையிடும் வயதுக்கு வரவே இருபது, முப்பது வருடம் ஆகும். அது எப்போது பழகுவது?

நெதர்லாந்தில் ஈப்பிடிப்பான் குருவிகளின் கதை வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து அவை கிளம்புவது பகல்பொழுதின் நீளத்தை வைத்து; அது மாறவில்லை. குஞ்சுகளுக்கு வேண்டிய கம்பளிப்புழுக்களோ வெப்பத்தைப் பார்த்து முன்கூட்டியே பெருகி, தீர்ந்தும் போகின்றன. புழுக்கள் மிக முன்னதாகப் பெருகும் காடுகளில் இந்தக் குருவிகள் சுமார் 90 சதவீதம் குறைந்துவிட்டன. அங்கே எந்தக் குருவியும் வெப்பம் தாங்காமல் விழவில்லை. அவை வந்து சேரும்போது சாப்பாடு முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.