கட்டப்படுவது யாருடைய கால்?

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு (வயது 26) சியாபு என்ற போதைப்பொருள் பழக்கம் இருக்கிறது. ‘ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் திருந்திவிடுவான்’ என்று அண்ணி பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார். இதைத் தடுக்க முடியுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: இந்தக் கால்கட்டோடு எனக்கு வெகுநாள் பகை உண்டு. குடிகாரனுக்குக் கால்கட்டு, வேலைக்குப் போகாதவனுக்குக் கால்கட்டு, மோட்டார் பந்தயம் ஓட்டி லோக்கப்பில் படுத்தவனுக்கும் கால்கட்டு என்று நம் வீடுகளில் சர்வரோக நிவாரணியாகப் பரிந்துரைக்கப்படும் இந்த மருந்தின் பக்கவிளைவுகளை மட்டும் அடுத்த வீட்டுப் பெண் அனுபவிக்க வேண்டியிருக்கிறது. முன்பு இதை எழுதியதற்காகத் திருமணத் தரகர் ஒருவர் எங்களுக்கு விளம்பரம் தருவதையே நிறுத்திக்கொண்டார். தம்மிடம் இருந்த மணமகன்கள் அனைவருக்கும் ‘தீய பழக்கம் ஏதுமற்றவர்’ என்று ஒரே வரியை எழுதி வைத்திருந்தவர் அவர். இப்போது சிலர் சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டையும் ஜாதகத்தோடு சேர்த்து நீட்டுகிறார்களாம். சியாபு சிறுநீரில் பெரும்பாலும் நான்கைந்து நாள்களுக்கு மேல் தெரிவதில்லை என்பதால், போன மாதம் மாப்பிள்ளை என்ன செய்தார் என்பதற்கு அந்தச் சீட்டு சாட்சியாகாது. ஜாதகமாவது ஆயுள் முழுவதற்கும் பொறுப்பேற்கிறது.

இரண்டு மூன்று இரவுகள் தூங்காமல், நள்ளிரவில் மோட்டார் சைக்கிளை நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டுவிட்டு, மறுபடி பூட்டத் தெரியாமல் அதன் நடுவே உட்கார்ந்திருக்கும் மகனை உங்கள் அண்ணி பார்த்திருக்கக்கூடும். சியாபு, அதாவது மெத்தம்பெட்டமின், மூளையில் டோப்பமின் என்ற கிளர்ச்சியூட்டும் ரசாயனத்தை அளவுக்கு மீறிச் சுரக்கவைப்பதன் விளைவு அது. நாள்பட நாள்பட, சன்னலுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள், கைப்பேசியில் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற சந்தேகம் முற்றிப் பலருக்கு மனநோயாகவே மாறுகிறது. அந்தச் சந்தேகம் முதலில் பாய்வது பக்கத்தில் இருப்பவர் மீதுதான். இன்று அது தாயாக இருக்கலாம், தாலி ஏறிய மறுநாளிலிருந்து மனைவியாக இருப்பாள். லெபோ பாசாரில் வாங்கிய நகைகள் ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போவதெல்லாம் இதற்கு முன்னால் சிறிய துன்பம்.

ஹெராயினுக்காவது 2005 முதல் அரசாங்கத் திட்டத்தில் மெத்தடோன் கொடுக்கிறார்கள். சியாபுவுக்கு அப்படிப்பட்ட மாற்று மருந்து எதுவும் இல்லை. மனநல மருத்துவரும் ஆலோசகரும் நெடுநாள் கண்காணிப்பும்தான் சிகிச்சை. பழக்கத்தை விட்ட பிறகும் மூளை தேறிவர ஓராண்டுக்கு மேல் ஆகலாம், இடையில் சறுக்கலும் நேரும். அண்ணியின் தயக்கம் போலீஸ் பயமாக இருந்தால் அதில் நியாயம் உண்டு; உட்கொண்ட குற்றத்திற்கே 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ விதிக்கிறது. ஆனால், பிடிபடுவதற்கு முன்பே ஒருவர் தாமாக முன்வந்து சிகிச்சை கேட்பதற்கு 1983ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம் வழிவிடுகிறது. அதற்கு ஏஏடிகே எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் அலுவலகத்தை அணுகலாம். முகூர்த்த நாள் குறிக்கும் முன் குறிக்க வேண்டிய நாள் அதுதான்.

தடுக்க முடியுமா என்று கேட்டீர்கள். அண்ணி கேட்காவிட்டால், பெண் வீட்டாரிடம் நீங்களே போய் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு அவர் உங்களோடு சில காலம் பேசமாட்டார். பையனை ஏஏடிகே அலுவலகத்திற்கு அழைத்துப் போக ஆள் தேவைப்படும்போது அவரே தொலைபேசியில் கூப்பிடுவார்.