தலைசுற்றலை போனில் குறித்துவைப்பது எப்படி?

அம்மாவுக்கு அடிக்கடி தலை சுற்றுகிறது, ஆனால் "எவ்வளவு நேரம்?" என்று டாக்டர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த நேரக்கணக்குதான் முக்கியம். படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், உள்காதின் கால்சியம் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடித்து, கூடவே காது அடைத்து இரைச்சலும் கேட்டால் மெனியர் என்ற உள்காது நோயா என்று பார்ப்பார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் தலைசுற்றல் வரும்.

இதற்கென்று தனி ஆப் எதுவும் வேண்டாம். சுற்றும்போது திரையைப் பார்த்தால் குமட்டல்தான் கூடும். அடங்கியதும் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள்: என்ன செய்துகொண்டிருந்தார், எவ்வளவு நேரம் சுற்றியது, காதில் ஏதாவது மாற்றம் தெரிந்ததா. அனுப்பிய நேரம் தானே பதிவாகிவிடும். பிரஷர் மாத்திரை போட்ட நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்கும்போது மட்டும் கிறுகிறுத்தால் அந்த மாத்திரையும் காரணமாக இருக்கலாம். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவர் கண்களை வீடியோ எடுங்கள். கண்மணி எந்தப் பக்கம் துடிக்கிறது என்பது டாக்டருக்குப் பெரிய துப்பு.

பேச்சு குழறினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ குறிப்பெல்லாம் அப்புறம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.