கனடாப் பத்திரம் வந்துவிட்டது, வயலை விற்கவா?

கேள்வி: எனக்கு 38 வயது. களுவாஞ்சிகுடியில் மனைவி, 7 வயது மகளோடு இருக்கிறேன். மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் 12 வருடமாகக் கணக்கு வேலை. கனடாவின் திறன் தொழிலாளர் குடியேற்றத் திட்டமான எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியில் விண்ணப்பித்து, இப்போது பி.ஆர். (நிரந்தர வதிவிட) விசா ஒட்டிய கடவுச்சீட்டுகளும் உறுதிப்படுத்தல் பத்திரமும் கைக்கு வந்துவிட்டன. நான்கு மாதத்துக்குள் போய் இறங்க வேண்டும். வெல்லாவெளிப் பக்கம் அப்பா எழுதித் தந்த 2 ஏக்கர் உறுதி வயல், மனைவி பெயரில் சீதன வீடு, 28 பவுண் நகை இருக்கின்றன. டிக்கெட் எடுத்த பிறகு, கையில் காட்ட வேண்டிய காசில் துண்டு விழுந்தது. அதற்காக 9 பவுணை வங்கியில் அடகு வைத்திருக்கிறேன். ஸ்காபரோவில் இருக்கும் மச்சான், "வயலை வித்து உண்டியல்ல போடு, இங்க நான் எடுத்துத் தாறன்" என்கிறார். செய்யலாமா?

பதில்: வயல் இருக்கட்டும். முதலில் அந்த 9 பவுணைப் பேசுவோம், நீங்கள் அவசரப்பட்ட இடம் அதுதான்.

குடியேறும்போது காட்டும் காசு கடன் வாங்கியதாக இருக்கக் கூடாது என்பது கனடாவின் விதி. 2025 ஜூலையில் வந்த பட்டியல்படி மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு 23,360 கனேடிய டொலர் வேண்டும். இந்தத் தொகை வருடா வருடம் மாறும். பத்திரம் வந்துவிட்டது, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இறங்கும் இடத்தில் அதிகாரி கேட்கலாம். அடகுக் காசு என்பது கடன்தானே? வட்டியும் ஓடும். கனடாவிலிருந்துகொண்டு தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். எங்கள் பக்கத்தில் அப்படிப் போன நகைகள் கொஞ்சமல்ல.

துண்டு விழும் காசுக்கு உங்களிடமே வழி இருக்கிறது. 12 வருடமாக உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதியில் சேர்ந்திருக்கும். 55 வயதுவரை அதை முழுதாக எடுக்க முடியாது என்பது பொது விதி. ஆனால் நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுபவர் முன்பே எடுக்கலாம். விசாப் பிரதி, வேலையிலிருந்து விலகிய கடிதம், அடையாள அட்டை எல்லாவற்றோடும் தொழில் திணைக்களத்தின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போங்கள். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தனி விண்ணப்பம், மறந்துவிடாதீர்கள். முதலாளி எல்லா மாதமும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறாரா என்று கணக்குக் கூற்றைப் பார்ப்பது நல்லது. இரண்டு மாதம் குறைந்தால்கூட, ஆள் இங்கே இருக்கும்போது சண்டை பிடிப்பது சுலபம். ஆகவே வேலையை விட்டு விலகுவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அந்தக் காசு வந்ததும் முதலில் நகையை மீட்டுவிடுங்கள். மீட்ட பிறகும் துண்டு விழுந்தால், போடாத நகையில் ஒன்றிரண்டை விற்றுவிடுங்கள். விற்ற காசு உங்கள் சொந்தக் காசு.

உண்டியல், அதாவது வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம் காசு மாற்றுவது, வேண்டாம். மச்சான் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அது சட்டப்படியான வழியல்ல, காசு எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் மிஞ்சாது. கனடாவில் பத்தாயிரம் டொலரும் அதற்கு மேலும் நோட்டாகப் போட்டால் வங்கி அரசுக்கு அறிக்கை கொடுக்கும். புதிதாகப் போன ஆளுக்கு அந்தக் கேள்வி தேவையா? நேர்வழி இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வேறு நாட்டில் நிரந்தர வதிவிடம் பெற்றவர் வங்கியில் 'மூலதனக் கொடுக்கல்வாங்கல் ரூபாய்க் கணக்கு' ஒன்று திறந்து, குடிபெயர்வோர் கொடுப்பனவாக டொலர் அனுப்பலாம். எவ்வளவு என்ற வரம்பை 2020க்குப் பிறகு வர்த்தமானியில் பல தடவை மாற்றியிருக்கிறார்கள். இன்றைய தொகையை வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சின்னக் கிளையில் 'அப்படியொரு கணக்கே இல்லை' என்று சொன்னால் சோர்ந்துபோக வேண்டாம், வெளிநாட்டுச் செலாவணி பார்க்கும் பெரிய கிளைக்குப் போங்கள்.

இப்போது வயல். என் கருத்து: இந்த நான்கு மாதத்துக்குள் விற்காதீர்கள். கனடாவுக்குப் போகிறவன் காணி என்றால் வாங்க வருபவர் அரை விலையில்தான் பேச்சைத் தொடங்குவார். அது தெரிந்த கதை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நீங்கள் கனடாவில் வரிக்குரிய வதிவாளராகும் நாளில், இங்குள்ள வயலை அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாகவே அந்நாட்டு வரிச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பின்னாளில் விற்றால், அந்த விலைக்கு மேல் ஏறிய இலாபத்துக்கு மட்டுமே அங்கே கணக்கு. பேச்சுக்கு, நீங்கள் இறங்கும் நாளில் வயல் 30 லட்சம், ஆறு வருடம் கழித்து 40 லட்சம் என்று வையுங்கள். இரண்டு தொகையையும் அந்தந்த நாளின் டொலர் விலையில் மாற்றிப் பார்ப்பார்கள். இடையில் ரூபாய் விழுந்திருந்தால் இலாபமே இல்லாமலும் போகலாம்.

இதற்கெல்லாம் ஆதாரம் ஒரே ஒரு காகிதம்: இறங்கும் நாளை ஒட்டிய மதிப்பீட்டு அறிக்கை. பட்டயம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் வயலுக்கும் வீட்டுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். இலங்கையின் மூலதன ஆதாய வரியிலும் இதே சாயல்தான். 2017 செப்டம்பர் 30இல் கையில் இருந்த காணிக்கு அன்றைய சந்தை விலையே அடக்க விலை. அப்பா எழுதித் தந்தது அதற்கு முன்பா பின்பா என்று உறுதியில் திகதி பாருங்கள். முன்பென்றால் அந்த நாளின் மதிப்பையும் அதே அறிக்கையில் எழுதச் சொல்லலாம்.

அதுவரை குத்தகைக்குக் கொடுங்கள், ஆனால் வாய்ப்பேச்சில் வேண்டாம். கமநல சேவை நிலையத்தின் ஏட்டில் பயிரிடுபவராக யார் பெயர் விழுகிறது என்று பாருங்கள். குத்தகைக்காரர் என்று பதிந்துவிட்டால் அவருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிடும், பிறகு எழுப்ப முடியாது. குத்தகைக் காசு சின்னதென்றாலும் கனடா வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அப்புறம், நம்பிக்கையான ஒருவருக்கு நொத்தாரிசு முன்னிலையில் அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிப் பதிவு செய்துவிட்டுப் போங்கள். அங்கே போய் எழுதினால் ஒட்டாவா உயர்ஸ்தானிகராலயம் அல்லது டொரொன்டோத் துணைத் தூதரகம் என்று அலைச்சல். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள், பராமரிக்கவும் குத்தகை வாங்கவும் போதும். வெளிநாட்டுக்காரருக்குக் காணி நிற்காது என்று யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். பி.ஆர். எடுத்ததால் இலங்கைக் குடியுரிமை போகாது.

நகைக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா மகளின் பள்ளிக்கூடக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். 'அட்டியல் 1, நெளி மோதிரம் 3, சங்கிலி 2 (ஒன்றில் பிள்ளையார் பென்டன்)' என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து ஒட்டியிருந்தார். அதைவிடச் சிறப்பாக நான் ஒன்றும் சொல்லிவிட முடியாது. முதல் தடவை இறங்கும்போதே, கையோடு கொண்டுவருபவை, பின்னால் வரவிருப்பவை என்று இரண்டு பட்டியல் சுங்கத்தில் கொடுக்க வேண்டும். இப்போது இங்கேயே வைத்துவிட்டுப் போகும் நகையையும் இரண்டாவது பட்டியலில் எழுதுங்கள். எழுதாமல் பிறகு கொண்டுபோனால் வரி கேட்பார்கள். நீங்கள் ஏற்கனவே அணிந்த நகைக்கு வரி இல்லை, பெட்டியோடு புதிதாக வாங்கிக்கொண்டு போவதுதான் சிக்கல். பத்தாயிரம் டொலர் அளவுக்கு நோட்டோ வங்கி டிராஃப்டோ கையில் இருந்தால் அதையும் அறிவித்துவிடுங்கள். அறிவிப்பதற்குக் கட்டணம் இல்லை, மறைத்தால் பறிமுதல்.

'போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வரலாமா' என்ற எண்ணம் உங்களுக்கும் வரலாம். வரலாம்தான், ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்தால் போதும். ஆனால் பி.ஆர். அட்டை கனடா முகவரிக்குத் தபாலில்தான் வரும், இறங்கி 180 நாளுக்குள் முகவரி கொடுக்க வேண்டும். அட்டை இல்லாமல் இங்கே வந்தால் திரும்பிப் போகத் தனியாகப் பயணப் பத்திரம் எடுக்க வேண்டும். உங்கள் நிலையில் குடும்பத்தோடு ஒரேயடியாகப் போவதே மலிவு.

போன முதல் வாரத்தில் சமூகக் காப்பு இலக்கம் எடுங்கள், கையோடு மகளுக்கான பிள்ளைக் கொடுப்பனவுக்கு விண்ணப்பியுங்கள். 2025 ஜூலையில் தொடங்கும் ஆண்டுக்கு, அவள் வயதில் வருமானம் குறைந்த குடும்பத்துக்கு 6,748 டொலர்வரை கிடைக்கும். அதற்கு இலங்கையில் நீங்கள் உழைத்த வருமானத்தையும் கேட்பார்கள். ஆகவே கடைசி இரண்டு மூன்று வருடச் சம்பளப் பற்றுச்சீட்டுகளைக் கைப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியில் வேண்டாம், அது ஒருநாள் பிந்தி வந்தாலும் வரும்.