மோகா தேர்வில் 22 மதிப்பெண்: அப்பாவுக்கு அல்சைமரா?

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது. எட்டாம் வகுப்பு வரை படித்தவர், மளிகைக்கடை வைத்திருக்கிறார். ஒரு வருடமாகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறார். கடைக் கணக்கு பிசகுவதில்லை. நினைவையும் சிந்தனையையும் சோதிக்கும் மோகா தேர்வில் 30-க்கு 22 வந்தது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘வயது சார்ந்த மூளைச் சுருக்கம்’ என்று இருக்கிறது. அல்சைமரா? மூளையில் அல்சைமரின் அடையாளத்தைத் தேடும் பெட் ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: 22 என்ற எண்ணை மட்டும் வைத்து அல்சைமர் என்று சொல்ல முடியாது. 26-க்குக் கீழே வந்தால் சந்தேகம் என்பது 2005-ல் கனடாவில் வகுத்த எல்லை. 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்ட வேண்டும். அதைக் கூட்டினார்களா என்று முதலில் கேளுங்கள். எல்லையை 23 என்று வைத்தால் நன்றாக இருப்பவரை நோயாளி என்று தவறாகச் சொல்வது குறைகிறது எனப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. தேர்வில் வரும் கனசதுரம் வரைவதும், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைப்பதும் பள்ளிக்கூடப் பழக்கம். எட்டாம் வகுப்போடு நின்றவர் அங்கே மதிப்பெண் இழப்பதில் ஆச்சரியமில்லை.

எனவே தேர்வுத் தாளைக் கேட்டு வாங்கி, எங்கே குறைந்தது என்று பாருங்கள். முக்கியமானது ஐந்து சொற்களைச் சுமார் ஐந்து நிமிடம் கழித்து நினைவுகூரும் பகுதி. சொல் வராதபோது, ‘அது ஒரு பூ’ என்பதுபோல் குறிப்புக் கொடுப்பார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது; ஆனால் எங்களுக்கு நிறையச் சொல்வது அதுதான். குறிப்புக் கொடுத்ததும் சொல் வந்துவிட்டால், பதிந்தது இருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல். மனச்சோர்வு, தூக்கக் குறைவு, ரத்தக்குழாய்க் கோளாறு, சில மாத்திரைகள் இவற்றில் அப்படி ஆகும். மூன்று சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியும் தவறினால், புதிய விஷயம் பதியவே இல்லை. அப்போதுதான் அல்சைமர் பக்கம் சந்தேகம் வலுக்கிறது.

‘வயது சார்ந்த சுருக்கம்’ என்பது பெரும்பாலான முதியவர்களின் அறிக்கையில் வரும் வாசகம். அறிக்கையோடு நிற்காமல் ஸ்கேன் படங்கள் உள்ள சிடியையும் நரம்பியல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். நெற்றிக்கு இணையான வெட்டுப் படங்களில், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று 0 முதல் 4 வரை அவர் மதிப்பிடலாம். 75 வயதுக்குள் இருப்பவருக்கு 2 அல்லது அதற்கு மேல் வந்தால் இயல்பல்ல. எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகையான ஃபிளேர் படத்தில் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள் இந்த வயதில் சாதாரணம். அவை ஒன்றோடொன்று சேரத் தொடங்கியிருந்தால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை பார்த்தாயிற்றா? சளிக்குப் போடும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கு அல்பிரசோலம், சிறுநீர் அவசரத்துக்கு ஆக்சிபியூட்டினின் இவை மூன்றும் நினைவை மங்கச் செய்யும். எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். காது மந்தமாக இருந்தாலும் மதிப்பெண் விழும்.

கடையைத் தடுமாறாமல் நடத்துகிறார் என்றால் இது டிமென்ஷியா, அதாவது அன்றாட வேலையையே பாதிக்கும் அளவுக்கான மறதிநோய் இல்லை. அதிகபட்சம் லேசான அறிவாற்றல் குறைபாடு, அதாவது நினைவு குறைந்தாலும் அன்றாட வேலை கெடாத நிலை. பெட் ஸ்கேன் இப்போது வேண்டாம். அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மாத்திரையும் இந்த நிலையில் பயன் தருவதாக நிரூபணம் இல்லை. 6 முதல் 12 மாதம் கழித்துத் தேர்வின் மாற்றுத் தாளை வைத்து மறுபடி சோதியுங்கள். அதே தாள் என்றால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறிவிடும். அப்போதும் குறைந்துகொண்டே போய், எம்.ஆர்.ஐ.யும் தெளிவாக எதுவும் சொல்லாவிட்டால் பெட் பற்றி யோசிக்கலாம். நடை தடுமாறி, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, சில வாரங்களிலேயே குழப்பம் கூடினாலோ அதுவரை காத்திருக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.