கீமோவே பெரிய மருந்து. அதன் பக்கவிளைவுக்கு என்று தரும் மாத்திரைகளையும் போட்டே ஆக வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: அம்மாவுக்குக் கீமோதெரபி தொடங்கியிருக்கிறது, வாந்திக்கு, வாய்ப்புண்ணுக்கு, மலச்சிக்கலுக்கு என்று ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், உடம்பில் ஏற்கெனவே இவ்வளவு மருந்து ஏறும்போது இதில் சிலவற்றையாவது விட்டுவிடலாமா. எழுதாததை நான் ஊகித்துக்கொள்கிறேன். முதல் ஊசி போட்டு வந்த அன்று அம்மா தெம்பாகத்தான் இருந்திருப்பார். "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே, இது எதுக்கு?" என்று கேட்டிருப்பார். உங்களுக்கும் அது நியாயமாகப் பட்டிருக்கும். அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆரம்பித்தது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கணக்கு எழுதுகிற வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து சிகிச்சை முடியும் வரை கூடவே இருந்தவள், அவ்வளவுதான் என் தகுதி. "மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறாள்" என்று கீழே எழுதத் தயாராக இருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், உங்களிடமும் வருகிறேன்.

அக்காவுக்கு முதல் நான்கு சுற்று டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரண்டு கீமோ மருந்துகள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அதன் பிறகு பாக்ளிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து, வாரம் ஒன்றாக 12 முறை. முதல் சுற்று முடிந்து வந்தபோது எங்கள் பையில் வாந்திக்கு என்று இருந்தவை: அப்ரெபிடன்ட், டெக்ஸாமெதசோன், ஆன்டன்செட்ரான், ராத்திரிக்கு ஓலான்சபின். அக்கா ஒவ்வொரு பெயராக ஃபோனில் தட்டித் தேடினாள். ஓலான்சபினுக்கு 'மனச்சிதைவு நோய்க்கான மருந்து' என்று வந்தது. "என்னைப் பைத்தியம்னே முடிவு பண்ணிட்டாங்களாடி?" என்று சிரித்தபடியே அந்த அட்டையைத் தனியே எடுத்து வைத்தாள். டெக்ஸாமெதசோன் ஸ்டீராய்டு, அதுவும் வேண்டாம். ஆன்டன்செட்ரான் மட்டும், "வாந்தி வந்தா போட்டுக்கறேன்."

நானும் சரி என்று தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் வரை ஒன்றும் இல்லை. சிறுநீர் சிவப்பாகப் போனதில் மட்டும் பயந்தாள். அது ரத்தமில்லை, டாக்ஸோரூபிசினின் நிறம், ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று முன்னாடியே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மறுநாள் ராத்திரி ஆரம்பித்தது. நான் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன், தொழில் புத்தி. வாந்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. ஒன்பது கோடு போட்டேன். அதற்கு மேல் போட மனம் வரவில்லை, நோட்டை மூடிவிட்டு வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஆன்டன்செட்ரான் கொடுத்தால் அதுவும் தண்ணீரோடு வெளியே வந்தது.

வாந்தி வந்தபிறகு போடுகிற மருந்து இல்லை இது என்பது அதன் பிறகுதான் புரிந்தது. கீமோ ஏறியதும் குடல் சுவரில் இருக்கும் சில செல்கள் செரட்டோனினைக் கொட்டுகின்றன. அது நரம்பு வழியாக மூளைக்கு 'வெளியே தள்ளு' என்று சேதி அனுப்புகிறது. அந்தச் சேதியை வாசலில் மறிப்பதுதான் ஆன்டன்செட்ரானின் வேலை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வருகிற வாந்திக்கு வழி வேறு, அதற்குத்தான் அப்ரெபிடன்டும் டெக்ஸாமெதசோனும். ஓலான்சபின் மனநோய்க்கு வந்த மருந்துதான், ஆனால் அதே மருந்து மூளையில் வாந்தியைத் தூண்டும் பல இடங்களை ஒருசேர அடக்குகிறது. கடுமையாக வாந்தி உண்டாக்கும் கீமோவுக்கு மற்ற மருந்துகளோடு அதையும் சேர்த்துக் கொடுத்தால் குமட்டல் நன்றாகக் குறைகிறது என்று 2016-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆன்டன்செட்ரானே அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1991-இல்தான். அதற்கு முன்பெல்லாம் சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்தைப் போட்டவர்களில் வாந்தி தாங்காமல் சிகிச்சையையே பாதியில் விட்டவர்கள் உண்டு. அக்கா வேண்டாம் என்று எடுத்து வைத்தது அவர்களுக்குக் கிடைக்காத மருந்தை.

இரண்டாம் சுற்றுக்குப் போனபோது வண்டி நிறுத்தும் இடத்திலேயே வாந்தி எடுத்தாள். ஊசி இல்லை, மருந்து இல்லை, கட்டடத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். மூளை பழகிக்கொண்டுவிட்டது, முதல் சுற்றிலேயே அடக்கியிருந்தால் இது வந்திருக்க வாய்ப்பு குறைவு என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். எழுதக் கை வரவில்லை.

முதல் சுற்றின் பத்தாம் நாள் ராத்திரி 9 மணி. அக்கா இன்னொரு போர்வை கேட்டாள். தெர்மாமீட்டர் 100.8 காட்டியது. கீமோ தொடங்கும்போதே ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள், தடித்த எழுத்தில்: '100.4 டிகிரிக்கு, அதாவது 38 செல்சியஸுக்கு வந்தால், எந்த நேரமானாலும் உடனே கூப்பிடவும்.' ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தோம். தினம் பத்துமுறை அந்தக் கதவைத் திறந்து மூடியவள் நான். அன்றைக்கு என்ன செய்தேன்? பாரசிட்டமால் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் 98.9. நோட்டில் 'காய்ச்சல் விட்டது' என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக்கும் போட்டேன். அந்த டிக் இன்னும் அங்கேயே இருக்கிறது.

விடிகாலை 4 மணிக்குக் கட்டில் ஆடுகிற சத்தத்தில் விழித்தேன். நடுக்கம். கை சில்லிட்டிருந்தது, பேச்சு குழறியது. அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் கேட்டது மூன்றே கேள்வி: கடைசியாக் கீமோ எப்போ? எப்போதிலிருந்து காய்ச்சல்? பாரசிட்டமால் ஏதாவது கொடுத்தீங்களா, எத்தனை மணிக்கு? மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொன்னதும் அவர் பேனா ஒரு நொடி நின்றது. அப்புறம் எழுதிக்கொண்டு போனார். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை, ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டார்கள். முடிவு வந்தபோது நியூட்ரோபில், அதாவது தொற்றை எதிர்க்கிற வெள்ளை அணு, 180. சாதாரணமாக 1500-க்கு மேல் இருக்க வேண்டும், 500-க்குக் கீழே போனால் அபாயம்.

வேகமாகப் பெருகும் செல் எதுவானாலும் கீமோ அடிக்கும். முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான், அங்கேதான் வெள்ளை அணு உருவாகிறது. பெரும்பாலான மருந்துகளுக்கு 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் அந்த எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். அந்த நாட்களில் தொற்று வந்தாலும் பல நேரம் சீழ் கட்டாது, சிவக்காது, வீங்காது, அதற்கெல்லாம் வெள்ளை அணு வேண்டுமே! பெரும்பாலும் வெளியே தெரிகிற ஒரே அடையாளம் காய்ச்சல்தான். அந்த ஒன்றையும் நான் ஒரு மாத்திரையால் துடைத்துவிட்டு ஆறு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

பிழைத்தாள். ஆறு நாள் படுத்திருந்தாள், இரண்டாம் சுற்று ஒரு வாரம் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் மறுநாள், 24 மணி நேரம் கழித்து, வெள்ளை அணுவை ஏற்றும் ஊசி. அது போட்டால் இடுப்பெலும்பும் முதுகும் உள்ளுக்குள் விண்விண் என்று தெறிக்கும். மஜ்ஜை வேலை செய்கிற வலி அது. "வலிக்குது. ஆனா இது நம்ம பக்கத்து வலி" என்பாள் அக்கா.

இனி, கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். எங்களுக்கு ஓர் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவார், பத்து நிமிடம். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் ஒரு ஃபார்வர்டு போடுவார்: அதைச் சாப்பிட்டால் புற்றுநோய் கரையும், இதைக் குடித்தால் ரத்த அணு ஏறும். ஆறு நாள் ஆஸ்பத்திரி வராந்தா நாற்காலியில் தூங்கிவிட்டு நான் வீடு திரும்பிய அன்று, ஒரு சொந்தக்காரர் அந்தக் குழுவில் எழுதியிருந்தார்: 'தூரத்தில் இருந்தாலும் தங்கைக்காக எவ்வளவு தேடிப் படிக்கிறான், இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.' அதன் கீழே பதினேழு கும்பிடு. எண்ணினேன். எண்ணுகிறவள் என்றுதான் ஏற்கெனவே சொன்னேனே.

அவர் அனுப்பிய ஒரு மூலிகைப் பொடி டப்பாவை ஆஸ்பத்திரி மருந்தாளுநரிடம் காட்டினோம். அவர் மூலிகையைப் பழிக்கவில்லை. "இதுல என்னென்ன எவ்வளவு இருக்குன்னு டப்பால இல்லையே" என்றார். கீமோ மருந்துகள் பலவற்றை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் இருக்கும் நொதிகள். சில செடிகள் அந்த நொதிகளைக் கூட்டிவிடும், சில குறைத்துவிடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடியைச் சாப்பிட்டால், ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் இமாட்டினிப் மாத்திரையின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும், அதாவது மருந்து போட்டும் போடாத மாதிரி. 'இயற்கைதானே' என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்காக இதை எழுதினேன்.

சரி, உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இல்லாமலில்லை. மருந்து கூடினால் தொல்லையும் கூடும். ஆன்டன்செட்ரான் அக்காவுக்கு மலச்சிக்கலைக் கொடுத்தது, அதற்கு இன்னொரு மருந்து. டெக்ஸாமெதசோன் தூக்கத்தைப் பறித்தது, ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு அலமாரியைக் காலி செய்து துணியெல்லாம் நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அதைக் காலையிலேயே போட்டுவிடச் சொன்னபிறகு ராத்திரி தூங்கினாள். ஓலான்சபின் 10 மில்லிகிராமில் மறுநாள் மதியம் வரை தள்ளாடினாள். சொன்னோம், 5 ஆக்கினார்கள், குமட்டலும் வரவில்லை. நான்காம் சுற்றில் ஒரு மாத்திரையை அவர்களே நிறுத்திவிட்டார்கள். ஆகவே குறைக்க முடியும். எங்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் குறைத்தார்கள். முதல் சுற்றில் நாங்களாகக் குறைத்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நோட்டில் இருக்கும் அந்த ஒன்பது கோடு.

பாக்ளிடாக்சல் எட்டாவது வாரத்தில் விரல் நுனி மரத்துப்போனது. நைட்டி பட்டனைப் போட ஐந்து நிமிடம் போராடுவாள், நான் உதவப் போனால் கையைத் தட்டிவிடுவாள். மரப்பைச் சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்று மூன்று வாரம் டாக்டரிடம் மறைத்திருந்தாள். தெரிந்ததும் அளவைக் குறைத்துவிட்டு, வலி தணிப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். 'பேலியேட்டிவ் கேர்' என்ற பலகையைப் பார்த்ததும் எனக்குக் கால் ஓடவில்லை. கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கான இடம் என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே இருந்த டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். இத்தனை மாதத்தில் அக்காவிடம் "ராத்திரி தூங்குறீங்களா, எது ரொம்ப பயமா இருக்கு?" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். நரம்பு வலிக்குத் துலோக்செட்டின் எழுதிக் கொடுத்தார். அதுவும் மனச்சோர்வுக்கான மருந்து! இந்தத் தடவை அக்கா பெயரைத் தேடவில்லை.

பிறகு நானே தேடிப் படித்தேன். 2010-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு, பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் இருந்த 151 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை, மறுபாதிக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே வலி தணிப்புப் பிரிவின் கவனிப்பும். இரண்டாம் பிரிவினருக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. இடைநிலைக் கணக்கில், அதாவது பாதிப்பேர் தாண்டிய காலம் என்று பார்த்தால், அவர்கள் வாழ்ந்தது 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம். அது வேறு நோய், வேறு கட்டம், எங்கள் கதைக்கு அப்படியே பொருத்த முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பலகையைப் பார்த்து ஓடுகிறவர்களுக்காவது பயன்படட்டும்.

உங்கள் அம்மாவுக்கு என்ன மருந்து ஏறுகிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று நான் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. பையைத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, இது எதற்கு, எத்தனை நாள், வாந்தி இல்லாவிட்டாலும் போட வேண்டுமா என்று கேளுங்கள். ராத்திரியில் கூப்பிட எந்த எண் என்றும் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்கு 7-ஆம் நாள் என்றைக்கு வருகிறது என்று இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். உடம்பு சுட்டால் முதலில் தெர்மாமீட்டர், அப்புறம் ஃபோன். அவர்கள் சொன்னால் மட்டும் பாரசிட்டமால்.

இதைப் போடுவதற்கு முன் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். பட்டன் விஷயத்தை எடுத்துவிடு என்பாள் என்று நினைத்தேன், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அன்னிக்கு 100.8 இல்லடி, 100.6" என்றாள். நோட்டை எடுத்துப் பார்த்தேன். 100.6தான்.