ஸ்டென்சில் ஓரத்தில் பெயிண்ட் கசிகிறதா?

ஸ்டென்சில் (டிசைனை வெட்டியெடுத்த தகடு) வைத்துப் பெயிண்ட் செய்த மாங்காய் டிசைனின் ஓரமெல்லாம் கசிந்துவிட்டது, அதுவும் மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்து முடித்த குவில்ட்டின் மேல் என்று எழுதியிருந்தீர்கள். சிக்கலே அங்கேதான். தைத்த துணி மேடும் பள்ளமுமாக இருக்கும், அதில் ஸ்டென்சில் எங்கே ஒட்டி உட்காரும்? அடுத்த முறை மேல்துணியைக் கஞ்சி போக அலசிக் காயவைத்து, அதில் பெயிண்ட் வேலையை முடித்துவிட்டு அப்புறம் பஞ்சு வைத்துத் தையுங்கள்.

பெயிண்டில் தண்ணீர் கலந்தீர்களா? வேண்டவே வேண்டாம். பிரஷ்ஷைப் பெயிண்டில் தொட்டு, பழைய துணியில் நாலு தட்டுத் தட்டி, கிட்டத்தட்ட காய்ந்தது போல ஆனதும் செங்குத்தாகப் பிடித்து ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒற்றி ஒற்றி வையுங்கள், இழுத்துத் தீட்டினால் பெயிண்ட் அடியில் புகுந்துவிடும். நிறம் மெதுவாகத்தான் ஏறும், எரிச்சலாகத்தான் இருக்கும், இரண்டாவது பூச்சில் சரியாகிவிடும். ஒவ்வொரு முறை எடுத்து வைக்கும்போதும் ஸ்டென்சிலின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். இதை மறந்து நான் ஒரு தலையணை உறையையே பாழாக்கியிருக்கிறேன்.

ஏற்கெனவே கசிந்தது காய்ந்துவிட்டதால் துவைத்தாலும் போகாது. கொஞ்சம் அடர்ந்த நிற நூலில் ஓரத்தைச் சுற்றிச் சங்கிலித் தையல் போடுங்கள், கசிவு அதற்குள் மறைந்துவிடும். பெயிண்ட் நிலைக்க இஸ்திரி போடும்போது பின்பக்கச் சூடு பஞ்சைத் தாண்டி வராது, அதனால் முன்பக்கத்தில் மெல்லிய பருத்தித் துணி விரித்து, நீராவி இல்லாமல் போடுங்கள். உள்ளே இருப்பது பாலியெஸ்டர் பஞ்சு என்றால் சூட்டைக் குறைத்து, அழுத்தாமல்.